எழுதுகிறவருக்கும் கூலி உண்டு!



உங்கள் வீட்டில் உள்ளூர்த் தமிழ் நாடகம் ஓடுகிறது. சமையலறையில் வேலையாக இருக்கும் அம்மா அங்கிருந்தபடியே வசனத்தைக் கேட்டுச் சிரிக்கிறார். "நம்ம தோட்டத்துல பேசுன மாதிரியே பேசறானுங்க" என்கிறார். நடித்தவர் யார் என்று கேளுங்கள், வீடே சொல்லும். அவருக்கு எந்தத் தாமானில் வீடு, யாரைக் கல்யாணம் செய்தார் என்பது வரை சொல்லும். சரி, அம்மாவைச் சிரிக்க வைத்த அந்த வசனத்தை எழுதியவர் யார்?

ஒருவருக்கும் தெரியாது! பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நாம் சேனலை மாற்றிவிடுகிறோம். நம்மை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. பல நேரங்களில் அந்தப் பெயர் அங்கே இருப்பதே இல்லை.

நான் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளூர்த் தொலைக்காட்சி நாடகங்களுக்கு வசனமும் திரைக்கதையும் எழுதி வருபவன். பகலில் வேறு வேலை, இரவில் இது. இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, இதற்குள் வரும் நம் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை எழுதிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்காகவாவது கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாடகம் எழுதுவது என்றால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சிந்திப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். முதலில் ஒருவரிக் கதை சொல்ல வேண்டும். அது பிடித்தால் நான்கைந்து பக்கத்தில் கதைச் சுருக்கம். அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் முடிவெடுக்கும் மேசையில் எப்போதும் தமிழ் தெரிந்தவர் இருப்பதில்லை. பிறகு பதின்மூன்று அத்தியாயங்களுக்கும் காட்சி வரிசை. இவ்வளவும் செய்த பிறகும், நிலையம் "சரி" என்று சொல்லும் வரை கையில் ஒரு காசு வராது. "இல்லை" என்று சொன்னால் அத்தனை இரவு வேலையும் குப்பைக்கூடைக்குப் போகும். சில கதைகள் குப்பைக்கூடைக்குக்கூடப் போவதில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு தலைப்பில், வேறொருவர் பெயரில் திரையில் ஓடும்!

ஒப்புதல் கிடைத்த பிறகுதான் உண்மையான கூத்து. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அண்ணனும் தம்பியும் பல வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள் என்று எழுதியிருப்பீர்கள். "கோயில்ல பெர்மிட் கிடைக்கல, கூட்டத்துக்கு ஆளும் இல்ல, நம்ம மச்சான் வீட்டு ஹால்ல மாத்திக் கொடுங்க" என்று இரவு பதினொரு மணிக்குப் போன் வரும். தீச்சட்டி, உறுமி, கூட்டம் எல்லாம் போய், இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். எட்டாவது அத்தியாயத்தில் அப்பாவாக நடித்தவருக்கு வேறொரு படப்பிடிப்பு வந்துவிட்டால் ஒன்பதாவதில் அப்பா சாக வேண்டும். எழுதியவன்தான் கொல்ல வேண்டும், அதுவும் விடிவதற்குள். பிறகு பார்க்கிறவர்கள் "கதை ஏன் இப்படி நொண்டுது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடிக்க வரும் பிள்ளைகளில் பலர் தமிழை அழகாகப் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தடுமாறுவார்கள். அதனால் வசனத்தைத் தமிழில் எழுதி முடித்து, அதையே மறுபடியும் ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து கொடுக்கிறோம். இரண்டு வேலை, ஒரு கூலி. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் எத்தனை பெற்றோர் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா?

கூலிக்கு வருவோம். நிலையம் தயாரிப்பு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது. நிறுவனம் அதைக் கேமரா வாடகை, விளக்கு, வேன், சாப்பாடு, நடிகர் சம்பளம் என்று பிரிக்கிறது. எல்லாம் போக மிஞ்சியதில்தான் எழுத்தாளர் நிற்கிறார். கேமராக்காரரிடம் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று யாரும் சொல்ல முடியாது, கேமரா வராது. எழுத்து மட்டும் படப்பிடிப்புக்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது. வந்துவிட்ட பொருளுக்கு யார் அவசரமாகப் பணம் கொடுப்பார்கள்?

தயாரிப்பாளர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாடகத்தை ஒப்படைத்துவிட்டுப் பல மாதம் பணத்துக்குக் காத்திருந்து, மனைவியின் நகையை அடகு வைத்து நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். நம் சந்தை சிறியதுதான். ஆனால் சந்தை சிறியது என்பதற்காக லோரி ஓட்டுநர் சும்மா ஓட்டிக் கொடுப்பாரா? மேசன் பாதிச் சுவரை இலவசமாகக் கட்டுவாரா?

"உனக்கு வாய்ப்புக் கொடுக்கிறோமே தம்பி!" இந்த ஒரு வாக்கியம் நம் துறையில் எத்தனை இளைஞர்களின் கூலியை விழுங்கியிருக்கிறது! தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாரிடம் கங்காணி சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

2013இல் இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது. 2025இல் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஆனால் அது ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்பவருக்கு. வீட்டிலிருந்து எழுதிக் கொடுப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதே 2025இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காடி ஓட்டுபவர், சாப்பாடு கொண்டு போகிறவர் பெயர்தான் அடிபடுகிறது. அவர்களும் நம் பிள்ளைகள்தான், அவர்களுக்குக் கிடைக்கட்டும். எழுதுகிற பிள்ளையின் பெயரையும் நம் தலைவர்கள் அந்த மேசைக்குக் கொண்டு போக வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் 2020 முதல் கலைத்துறையினருக்கும் திறந்திருக்கிறது. சந்தா சிறியதுதான். இருந்தும் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? நான் கேட்டுப் பார்த்த இளைஞர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ஒரு வாக்கியம் இல்லாததால் போகும் கதை

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 26ஆம் பிரிவு, எழுதியவருக்கே முதல் உரிமை என்று தொடங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வரியில்தான் கத்தி இருக்கிறது. யாரோ ஒருவர் கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்தால், அல்லது சம்பள வேலையாக எழுதினால், அந்த உரிமை எழுதச் சொன்னவருக்கே மாறிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் இடையே வேறு விதமான ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இதிலிருந்து தப்ப முடியும்.

புரிகிறதா வாசகர்களே? ஒப்பந்தம் இல்லையென்றால் இருவருக்கும் சமமான நிலை என்றுதான் நம் மக்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழுதச் சொல்லி எழுதிய கதையில் ஒப்பந்தம் இல்லையென்றால் கதை அவர்களுடையது! நாளைக்கு அதே கதையை மலாயில் எடுக்கலாம், படமாக்கலாம், வெளிநாட்டுக்கு விற்கலாம். எழுதியவரைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் யாரும் கேட்காமல், நீங்களாகவே எழுதி வைத்த கதை உங்களுடையது. அதை எழுத்துமூலம் கொடுத்தால்தான் அது கைமாறும், வாய்ப்பேச்சில் மாறாது. ஆகவே முதலில் எழுதி முடியுங்கள், தேதி போடுங்கள், உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். அதன் பிறகு தயாரிப்பாளரைப் பாருங்கள். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே வாயால் சொன்ன கதையைச் சட்டம் காப்பாற்றாது. அது வெறும் யோசனை, யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய பக்கத்துக்குத்தான் உண்டு. 2012 முதல் மை-ஐ.பி.ஓ. எனும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் உங்கள் படைப்பைத் தாமாகவே பதிந்து வைக்கலாம். கட்டாயமில்லை, ஆனால் பின்னால் தகராறு வந்தால் கையில் ஒரு தாள் இருக்கும்.

ஒப்பந்தம் என்றதும் பயப்பட வேண்டாம். வழக்கறிஞர் வைத்து இருபது பக்கம் எழுத வேண்டியதில்லை. இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் பெரும்பாலான வம்பு தீரும்: "இக்கதை, திரைக்கதையின் பதிப்புரிமை எழுத்தாளரிடமே இருக்கும்; இதை ஒரு முறை நாடகமாகத் தயாரித்து ஒளிபரப்பும் உரிமை மட்டும் நிறுவனத்துக்கு வழங்கப்படுகிறது." நிறுவனம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முழு உரிமையும் வேண்டும் என்பார்கள். வேண்டுமென்றால் அதற்குரிய விலையைப் பேசட்டும், அது வியாபாரம். சும்மா எடுத்துக்கொண்டு போவது வியாபாரம் இல்லையே! பெயர் எந்த இடத்தில் வரும், பணம் எத்தனை தவணையில் வரும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கதைச் சுருக்கம் கொடுக்கும்போது ஒரு பங்கு, வசனம் முடிந்ததும் ஒரு பங்கு, மிச்சம் படப்பிடிப்பு தொடங்கும் நாளில். ஒளிபரப்பான பிறகு என்று ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒளிபரப்பு தள்ளிப் போவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, ஒன்றும் எழுதியவர் கையில் இல்லை.

உரிமையை விற்றுவிட்டாலும், தன் பெயரால் அறியப்படும் உரிமையை 25ஆம் பிரிவு எழுதியவருக்குத் தருகிறது. பேசிய கூலி வராவிட்டால், சிறு தொகைகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை வைக்கலாம். ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. அதனால் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்! "தம்பி, மூணாவது எபிசோட் கிடைச்சது, சூப்பர்" என்ற ஒரு வரிகூட நாளைக்குச் சாட்சி சொல்லும்.

எழுதி, பதிந்து வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 தீபாவளிக்கு 'சர்கார்' படம் வந்தது. இங்கேயும் நாம் வரிசையில் நின்று பார்த்தோம். அது தன் கதையைப் போலிருக்கிறது என்று உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் எழுத்தாளர் சங்கத்தில் புகார் செய்தார். பல ஆண்டுகளுக்கு முன்பே தன் கதையை அந்தச் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை இருக்கிறது என்றார். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் சமரசமாகி, அவர் பெயர் திரையில் வந்தது. எதிரில் இருந்தது எவ்வளவு பெரிய நட்சத்திரத்தின் படம்! சாதாரண உதவி இயக்குநரிடம் இருந்தது பதிந்து வைத்த காகிதமும், அதைப் பிரித்துப் படிக்க ஒரு சங்கமும்தான்.

யார் கதையை யார் சொல்வது?

"சோறு போடாத வேலைக்கு இவ்வளவு சண்டை எதற்கு? பையனை ஏதாவது ஸ்கில் படிக்க வையுங்கள்" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. ஸ்கில் படிக்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். எழுத்தையும் விடக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

1971இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கை வகுக்கப்பட்டது. இந்த நாட்டில் மலாயில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம். தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுவது ஒரு பிரிவினரின் இலக்கியம், 'சாஸ்த்ரா சுக்குவான்'. திரைப்படத்திலும் இதே கோடுதான் நெடுங்காலம் ஓடியது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சஞ்சய் குமார் பெருமாள் எழுதி இயக்கிய 'ஜகாட்' படத்தை, தேசிய மொழி அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு 1990களில் புறம்போக்கு வீடுகளில் வளர்ந்த ஒரு சிறுவனின் கதை அது. இதைவிட மலேசியக் கதை வேறு எது? எதிர்ப்பு எழுந்தது. நடிகர் அஃப்டிலின் ஷௌகி போன்ற மலாய்க் கலைஞர்களும் எதிர்த்தார்கள், இதை நாம் மறக்கக்கூடாது. பிரிவுகள் மாற்றப்பட்டன. எல்லா மொழிகளுக்கும் பொதுவான சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை அந்தத் தமிழ்ப் படம் வாங்கியது!

அதற்கும் முன்னே 2005இல் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' வந்தது. பால்மரத் தோட்டத்தில் பிறந்து மேலே படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. உங்கள் அத்தையோ சித்தியோ அதில் இருப்பார்கள். இந்தக் கதைகளைக் கோடம்பாக்கத்திலிருந்து யாரும் வந்து எழுத மாட்டார்கள், எழுதவும் முடியாது. ஆயாக் கொட்டகையும் பெரட்டுக் களமும் எப்படி இருந்தன என்று தெரிந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதத் தெரிந்த பிள்ளை, கூலி கிடைக்காமல் சலித்துப் போய், மூன்றாவது வருடம் பேனாவை மூடிவிடுகிறது. நான் பார்த்தவர்களில் திறமை இல்லாமல் போனவர்கள் குறைவு. சலித்துப் போனவர்கள்தான் அதிகம்.

புதியவர்களை வளர்ப்பது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகைப் பக்கமே வகுப்பறை. வாசகர்கள் எழுதி அனுப்பினார்கள், திருத்தம் வந்தது, மறுபடி எழுதினார்கள். அதிலிருந்து ஒரு தலைமுறையே எழுந்து வந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தார். 1953 முதல் 1957 வரை தமிழ் நேசனில் ஆசிரியராக இருந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்துப் படித்துப் பேசினார். 1970களில் அதே பத்திரிகை நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுத்தது. பாராட்டுப் பத்திரம் இல்லை, தங்கப் பவுன்! கற்றுக் கொடுத்தார்கள், அச்சில் போட்டார்கள், கையில் பொருளும் கொடுத்தார்கள். 2019இல் தமிழ் நேசன் நின்றுபோனது. திரைக்கதைக்கு அப்படி ஒரு வகுப்பறையை நம்மில் யாரும் இன்னும் கட்டவில்லை.

அவ்வப்போது பட்டறை நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள், மதிய உணவு, சான்றிதழ், குழுப்படம். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது. ஒரு திரைக்கதையை நான்கு முறையாவது திருப்பி எழுத வேண்டும், ஒவ்வொரு முறையும் அனுபவசாலி ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். அதற்கு மாதக்கணக்கு ஆகும். மூத்த எழுத்தாளர்களே, உங்களையும் கேட்கிறேன். உங்களுக்குக் கீழே எழுதும் இளைஞர் மூன்று அத்தியாயம் எழுதினால் அந்த மூன்றுக்கும் அவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். உதவியாளர் என்று சொல்லி மொத்தத்தையும் எழுத வாங்கிக்கொண்டு, தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிற பழக்கத்துக்கு நாம் ஏதோ குருகுல மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது எளியது. மகளோ மகனோ எழுதியதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பாத்திரம், தாத்தாவுக்குத் தாத்தா வேடம். வசனம் எங்கே நாக்கில் சிக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கோலாலம்பூரில் பெரிய நிறுவனங்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைத்தான் செய்கின்றன. "நாங்க அப்படிப் பேச மாட்டோம்டா" என்று பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் அது பட்டறையில் கிடைக்காத பாடம். பிறகு ஒரு நாள் ஒப்பந்தத் தாள் வீட்டுக்கு வரும். சம்பளச் சீட்டை எப்படிப் பார்ப்பீர்களோ அப்படிப் பாருங்கள். மேலே சொன்ன வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கடைசியாக, ஆலய நிர்வாகங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒன்று. தமிழ்நாட்டு நட்சத்திரங்களை அழைத்துக் கலைநிகழ்ச்சி நடத்துகிறோம். விமானச் சீட்டு, ஹோட்டல், மேடை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் பணம் இருக்கிறது. அதைத் தடுக்க நான் வரவில்லை, எனக்கும் பாட்டுக் கேட்கப் பிடிக்கும். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, உங்கள் வட்டாரத்து இளைஞர் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு எழுதக் கூலியாகக் கொடுங்கள். அந்தத் தோட்டத்தின் கதை, அந்தக் கம்பத்தின் கதை, அந்தக் கோயில் இடம் மாறிய கதை, எதுவாகவும் இருக்கட்டும். ஒரு மூத்த எழுத்தாளரைத் துணைக்குப் பிடித்து அவருக்கும் ஏதாவது கொடுங்கள். எழுதி முடித்ததும் கோயில் மண்டபத்தில் வாசிக்கட்டும், ஊர் கேட்கட்டும். உரிமை எழுதிய பிள்ளையிடமே இருக்கட்டும்.

இந்த ஆண்டு திருவிழாக் கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்குப் போகிறீர்கள்தானே? பூ, பந்தல், அன்னதானம், வாணவேடிக்கை என்று வரிசையாகப் படிப்பார்கள். படித்து முடித்ததும் கையைத் தூக்கி, "எழுதுற பிள்ளைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?" என்று கேளுங்கள்.